மண்டலம் மூன்று

மூன்று மாதமாய் அந்தத் தட்டு
குளிர்பெட்டி மேலே, கரண்ட் பில்லுக்கு அடியில்.
திருச்சிக்குப் போன புஷ்பலீலா வாங்கி வந்த படம்.
அவள் வீட்டுப் பெட்டியில்தான் முதலில் போட்டோம்.
நீலத் திரையில் ஒரே வரி:
இந்த மண்டலத்துக்கு இல்லை.
துடைத்துப் போட்டோம், ஊதிப் போட்டோம்.
அவள் மகன்தான் உறையைத் திருப்பிக் காட்டினான்,
குட்டியாய் ஓர் உலக உருண்டை, அதற்குள் ஐந்து.
"நாம மூணு, அத்தே. இந்தியா அஞ்சு."
யார் பிரித்தது என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்.

போனஸ் வந்த சனிக்கிழமை
பீடோர் பெரிய ரோட்டில் ஆ லெக் கடை.
சன்னாசி ஆலைச் சட்டையை மாற்றவில்லை,
செம்பனை எண்ணெய் வாடை எங்களுக்கு முன்னே நுழைந்தது.
அலமாரி நிறைய டிவிடி பெட்டிகள்,
சில தோசைக்கல் போல ஒல்லி.

இவருக்கு ஆறு ஸ்பீக்கர் வேணும்.
படத்தில் லாரி இடப்பக்கம் வந்தால்
இடக்காதில் வரணுமாம்.
நம் வீட்டுக்கு இடப்பக்கம் ராமாயி,
இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறவள்.
வலப்பக்கம் கக் நொரைனியின் கைக்குழந்தை.
லாரி யார் மேல் ஏறினாலும்
சண்டைக்கு நான்தானே போகணும் என்றேன்.

எனக்கு வேண்டியதைச் சொல்ல
கொஞ்ச நேரம் ஆனது.
டிவியைத் திறக்காமல் பாட்டு மட்டும்.
வெங்காயம் நறுக்கும்போது யார் முகமும் வேண்டாம்,
பெட்டி நெற்றியில் ஓர் எண் எரிந்தால் போதும்,
இது ஏழாவது, அடுத்தது எட்டாவது என்று.
பாதிப் பெட்டிக்கு நெற்றியே இல்லை,
ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

"ஜப்பான் சாமான் படம் சுத்தம், தங்கச்சி,
ஆனா கோவக்காரன். கீறல் இருந்தா துப்பிடுவான்.
சீனா சாமான் நூத்தி இருவது வெள்ளி,
எல்லாம் தின்னும்."
தின்னட்டும் பார்க்கலாம் என்று கைப்பையைத் திறந்தேன்.
பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு மூன்று வாங்கியதில் ஒன்று.
மகள் பல் முளைத்தபோது கடித்த சாமி பாட்டு.
அப்புறம் அந்த ஐந்தாம் மண்டலம்.

ஜப்பான் மூன்றையும் துப்பியது.
சீனா இரண்டைத் தின்றது.
மூன்றாவதுக்கு
அதே நீலம், அதே வரி.

ஆ லெக் கல்லாவுக்கு அடியிலிருந்து
எண்ணெய்க் கறை படிந்த சீட்டு ஒன்றை எடுத்தான்.
பெட்டியின் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி
ரிமோட்டில் நாலு எண் அழுத்தினான்.
இவர் அவசரமாய் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்,
ஞாயிற்றுக்கிழமை நாலு நம்பர் வாங்க.
திரை மூலையில் மூன்று அழிந்து
பூஜ்யம் வந்தது.
"கோசோங்" என்றான் ஆ லெக்,
"இனிமே எந்த ஊருன்னு கேக்காது."

ஆறு மாதத் தவணை, ஒரு பாரம்.
ஐசி கொடுங்க என்றாள் கல்லாப் பெண்.
இவர் கை சட்டைப்பைக்குப் போய்
அங்கேயே நின்றது.
பிறந்தது இங்கிருந்து மூன்று மைல்,
எஸ்டேட் ஆஸ்பத்திரியில். பதிய யாரும் போகவில்லை.
கார்டு இன்னும் சிவப்பு.
நான் என் நீலத்தை எடுத்து வைத்தேன்.
மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான்,
குளிர்பெட்டிக்கும்.
ஆ லெக் தலை நிமிராமல்
கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

படம் சுமார்தான்.
இடைவேளைக்கு முன்பே எனக்குத் தூக்கம்.
லாரி வந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
மறுநாள் நாலு நம்பரும் விழவில்லை.
ஆனால் காலையில் டிவி இருட்டாய்க் கிடக்க
பச்சையாய் ஏழு எரிந்தது,
மகள் கடித்த இடத்தில் ஒரு விக்கல்,
பிறகு எட்டு.

செவ்வாய் இரவு மழை. கரண்ட் போய் வந்தது.
பக்கத்தில் படுக்கை லேசானது.
கூடத்தில் பெட்டி நாக்கை நீட்டும் சத்தம்.
என்ன என்றேன்.
"மூணுக்குத் திரும்பிடுச்சோன்னு பாத்தேன்."
நாக்கு உள்ளே போனது.
"பூஜ்யம்தான். நீ தூங்கு."