பழுதின் காரணம்

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
கட்டைவிரல் அகலம்.
'பழுதின் காரணம்' என்று அச்சடித்துவிட்டு
மீதியை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

வண்டி ராமநாதபுரம் பட்டறையில்
இரண்டு ஜாக்கிமேல் நிற்கிறது.
முன் ஆக்ஸில் முறிந்த இடம்
உடைத்த கற்கண்டுபோல் மினுங்குகிறது.
ஹப்பைக் கழற்றியதும் கொட்டியது ஒரு கை மணல்,
அதில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சிப்பி.
கியர் ஆயில் மோராகியிருந்தது.

"விளம்பரத்துல இதே வண்டி
மணல்மேட்ட விட்டுப் பறந்துச்சே தம்பி,
நான் பறக்கவா சொன்னேன்?
கரையில கெடக்குற கணவாய ஏத்தத்தானே சொன்னேன்"
என்கிறார் சீனி நைனா, வண்டிக்காரர்.
பறந்த வண்டிக்கு அடியில்
எறும்பெழுத்தில் ஒரு வரி ஓடியது.
அதை நானே
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் வாசித்தேன்.

மதுரையிலிருந்து வாட்ஸ்அப்:
ஓட்டுநர் தவறுன்னு போட்டு முடிங்க. மாசக் கடைசி.

சந்தியாகு கழற்றிய டயரில் ஒரு கை ஊன்றி நின்றார்.
கேட்டதற்குச் சொன்னார், கேட்காததற்கும்.
மூக்கையூரில் வள்ளம் அடையும் இடத்துக்கு ரோடு இல்லை.
தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கி,
பனைமட்டை பரப்பி,
நாலு சக்கரமும் இழுக்க
அலை நக்கும் இடம்வரை இறக்குவாராம்.
பன்னிரண்டு பெட்டி ஏற்ற வேண்டியதில் இருபது.
"கேரளா லாரி அஞ்சரைக்கு எடுத்துருவான் சார்.
அஞ்சே முக்காலுக்குப் போனா
அது மீனில்ல, நாத்தம்."

அதனால் விரட்டியிருக்கிறார்.
சாயல்குடி தாண்டித் தாரில் எண்பது,
நாலு சக்கரப் பிடியை விடுவிக்காமலே.

மணலில் சக்கரம் வழுக்கி வழுக்கி
தன் முறுக்கைத் தானே அவிழ்த்துக்கொள்ளும்.
தார் அதற்கு இடம் கொடுக்காது.
சுற்றுக்குச் சுற்று ஏறிய முறுக்கு
ஏர்வாடி விலக்கில்,
பஸ்சுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்க,
ஒரே சத்தத்தில் தீர்ந்தது.

சரி, எழுதிவிடலாம்.
'ஓட்டு' வரை எழுதிக்கொண்டே கேட்டேன்:
நாலு சக்கரம் புடிச்சிருந்தா பச்ச லைட் எரியுமே,
பாக்கலையா?

"அது மாசியிலயே போச்சு சார். உப்புக்காத்து.
சர்வீசுக்கு விட்டப்ப சொன்னேனே."

யார்ட்ட சொன்னீங்க?

பின்கழுத்தைச் சொறிந்தார்,
தப்பு தன்னுடையது என்பதுபோல.
"ஒங்கள்ட்டதான்."

பழைய அட்டையைத் தேடி எடுத்தேன்.
பிப்ரவரி இருபத்தாறு.
விளக்குகள்: சரி.
வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போன டிக்.
என்னுடையதுதான்.

அன்றைக்குப் பதினோரு வண்டி.
இல்லை, அதைச் சொல்லக் கூடாது.
சந்தியாகுவுக்கும் அன்றைக்கு இருபது பெட்டி.

விளக்கை வரைந்தவன்
உப்புக்காற்று வீசாத ஊர்க்காரனாக இருக்கலாம்.
பதினைந்து வண்டிக்கு இரண்டே பேர் போதும் என்றவனுக்கு
கார் இருக்கும், கடல் இருக்காது.
இப்படியே போனால்
கட்டைவிரல் கட்டத்துக்குள்
அரை இந்தியாவை அடைக்க வேண்டிவரும்.
அதில் ஒளிந்துகொள்ளவும் நல்ல இடம் கிடைக்கும், எனக்கு.

நைனா கணக்குப் போட்டுவிட்டார்,
சிகரெட் அட்டையின் உட்புறத்தில்.
சம்பளத்தில் மாதம் மூவாயிரம், இருபத்திரண்டு மாதம்.
சந்தியாகு அதை வாங்கி
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
பஸ் டிக்கெட்டை வைப்பதுபோல.

எல்லோரும் சாப்பிடப் போனதும்
ஸ்டோரில் ஒரு பல்பு வாங்கினேன்.
நாற்பது ரூபாய், என் கணக்கில்.
பேட்டரியை இணைத்து லீவரை இழுத்தேன்.

பச்சை.

முன் சக்கரங்களே இல்லாத வண்டி
நாலும் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நின்றது.
கட்டத்தில் 'ஓட்டு' அப்படியே இருக்கிறது.
மேசைமேல்
மதுரை மறுபடி அதிர்கிறது.