பூஜ்யம் வேறு

சேன்ட்-ஆந்த்ரேயில் சிவப்பு எச்சரிக்கை.
கதவைத் திறக்கக் கூடாது.
பலகை அடித்த சன்னலுக்குப் பின்னால்
ஒரே ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மழைமானி பூஜ்யம் அனுப்பினால்
'மழை இல்லை' என்று காட்டும் நிரல்.
புயல் மானியையே பிடுங்கிப் போனாலும்
பூஜ்யம்தான் வரும்.
எழுதியவர் ஊரில்
காற்று அப்படியெல்லாம் அடிக்காது போல.

முதல் பேட்ச் திரும்பி வந்தது:
ஒன்றில் இரண்டு வேலை கூடாது, பிரித்து அனுப்பு.
இரண்டாவதும் வந்தது:
நாற்பத்திரண்டாம் வரியின் கடைசியில்
வேண்டாத ஓர் இடைவெளி.
யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டு போக,
அந்த இடைவெளியைத் தேடி அழித்தேன்.

மாற்றம் எதற்கு என்று இரண்டு வரி கேட்டிருந்தார்கள்.
'பூஜ்யம் வேறு, பதில் வராதது வேறு'
என்று எழுதி நிமிர்ந்தேன்.

சலாசி மலையில் இருக்கும் அக்கா ழோசியானுக்கு
மத்தியானத்திலிருந்து ஒன்பது முறை அடித்தாயிற்று.
மணியே போகவில்லை.
சேதி இல்லையென்றால் நல்ல சேதி என்கிறார் அத்தான்,
மெழுகுவத்தியைப் பார்த்தபடி.
அவரைத் திருத்த எனக்கு மனமில்லை.

பேட்டரி பதினொன்று.
மூன்றாவதை அனுப்பினேன்.
வட்டம் சுற்றுகிறது,
போயிற்று என்றும் சொல்லாமல்
போகவில்லை என்றும் சொல்லாமல்.