காலி எடை

பள்ளிப்பட்டு தாண்டி
நகரிக்குப் போகிற சாலையில்
சர்க்கரை ஆலை எடைமேடையில் எனக்கு வேலை.
கரும்பு லாரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வரும், இன்னோர் எண்.
கழித்தால் கரும்பு.
ஆறு வருஷமாக இந்த ஒரு கணக்குதான்
எனக்குச் சோறு போடுகிறது.

மாசியில் அரைவை உச்சம்.
காற்றே பாகு.
வாயை மூடிக்கொண்டு மூச்சுவிட்டாலும்
தொண்டையில் இனிப்பு ஒட்டும்.
அந்த மாசியில்தான்
ஆரம்ப சுகாதார நிலையத்தில்
எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத்
தண்ணீரில் கலக்கி நீட்டினார்கள்.
வாந்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.
குமட்டலைப் பல்லில் கடித்தபடி
இரண்டு மணி நேரம்
முருங்கைமரத்தடி பெஞ்சில் இருந்தேன்.
பூ விழுந்தது. இன்னொன்று விழுந்தது.
வேறென்ன செய்ய, எண்ணினேன்.
பிறகு ஊசி, ஒரு துளி.
நூற்று அறுபத்தெட்டு.
கழிக்க எதுவுமில்லாத எண்.

நர்ஸ் பவுலினா எல்லோரையும் திட்டுகிறவள்.
என் கையை மட்டும் விடாமல் சொன்னாள்:
"புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அழாத.
காப்பிக்குச் சக்கரை வேணாம்.
களியை உருட்டி முழுங்காத,
கேழ்வரகைக் கீரை போட்டு அடையாத் தட்டு.
சோறு ஒரு கரண்டின்னா பொரியல் ரெண்டு.
மூணு வேளையை ஆறாப் பிரி.
சாப்பிட்டா நட."
"மாம்பழம்?"
"சீசன் வரட்டும்" என்றாள்,
போர்டில் எதையோ எழுதிக்கொண்டே.
"ஒரு கீத்து. ஒண்ணே ஒண்ணு."

அத்தம்மா நகரிக்காரி.
பெல்லம் வேறு, சர்க்கரை வேறு என்பது அவள் கட்சி.
"கொஞ்செம் தினு" என்று
உருண்டையை உள்ளங்கையில் அழுத்துவாள்.
எங்கள் வீட்டில் பாஷை இரண்டு.
பெல்லம் என்று தின்றாலும்
வெல்லம் என்று தின்றாலும்
ரத்தம் அதை ஒரே பெயரில்தான் படிக்கிறது.

வளைகாப்பன்று
லட்டோடு வந்த விரல்களிடமெல்லாம்
"அவளுக்குப் பல்வலி" என்றான் முனிரத்தினம்.
பாதுகாத்தான்தான்.
ஆனால் சர்க்கரை என்ற சொல்
அவன் வாய்க்கு ஏன் வரவில்லை?
வளையல் குலுங்கக் கேட்க முடியாது.
கேட்கவில்லை.

மறுநாள் இரண்டாம் ஷிப்ட்.
டிபன்பாக்ஸின் அடித்தட்டில்
யாருக்கும் தெரியாமல் நானே வைத்த ஓர் அரிசெலு.
இரண்டு லாரிக்கு நடுவே தின்றேன்.
எள்ளைக்கூட விடவில்லை.
விரலைச் சூப்பினேன்.
எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை
பவுலினாவிடம்கூடச் சொல்வேன்.

பிறகு பயம்.
எழுந்து எடைமேடையிலேயே நடந்தேன்,
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்: 60.
பத்துப் பத்தாகத்தான்
அதற்கு எண்ணத் தெரியும்.
காலையில் ஆஸ்பத்திரித் தராசு
அறுபத்துமூன்றே முக்கால் என்றது.
இந்த மேடைக்குக் கண் தெரியாத
அந்த மூன்றே முக்காலில்
எங்கேயோ நீ இருக்கிறாய்.
உதைத்தாய்.
அறுபது அறுபதாகவே நின்றது.

ஹெட்லைட் வெளிச்சம் முதுகில் விழுந்தது.
சித்தூர் வண்டி. டயரெல்லாம் சேறு.
டிரைவர் தலையை வெளியே நீட்டிக்
கொஞ்ச நேரம் பார்த்தார்,
வயிற்றை, வளையலை, நடையை.
"ஏம்மா, லோடா காலியா?"

"லோடுதான்" என்றேன்.
"ஓரம் கட்டுங்கண்ணே.
இன்னும் பத்து நிமிஷம் நடக்கணும்."

அவர் எஞ்சினை அணைத்தார்.
சோகையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம்
அப்போதுதான் கேட்டது.