பதினோராவது திருத்தம்

எங்களிடம் ஒரே ஒரு பனை இருக்கிறது.
கைதடிக்கும் நாவற்குழிக்கும் இடையில்
ஜெனோசன் வானை நிறுத்தி
மழைக்கு முந்திய வெளிச்சத்தில் எடுத்தது.
போன வருசம் அது ஒரு வங்கிக்காக நின்றது,
பங்குனியில் பால்மாவுக்காக.
காப்புறுதிக்காரருக்கு ஒன்று போதாமல் போக
மிதுர்ஷா அதை இடம்வலமாகத் திருப்பி
இன்னொரு பனை ஆக்கினாள்.
ஏழு தரம் ஒட்டினால் ஒரு பனங்கூடல்.
ஏழிலும் அதே காவோலை
அதே முறிவில் தொங்குவதை
இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கஸ்தூரியார் வீதியில் பற்றரிக் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
படியேறும்போது அசிட் மணம்.
மேலே மூன்று மேசை, ஒரு வெள்ளைப் பலகை.
அதில் யாரோ அழியாத மையால்
'உணர்வு' என்று எழுதிவிட்டார்கள்.
ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் எழுதுகிறோம்.

கலியாணப் புறோக்கர் கேட்டார்,
"பிள்ளைக்கு அரசாங்க வேலையோ?"
விளம்பரம் என்றேன்.
"ஓ, நோட்டீஸ் அடிக்கிற இடம்."
ஓம் என்றேன்.

இந்த மாதம் பிஸ்கற்.
கொழும்பில் சிங்களத்தில் யோசித்து
ஆங்கிலத்தில் அனுப்பி
தமிழில் தாங்களே ஒன்று செய்தும் பார்த்திருக்கிறார்கள்:
'உங்கள் வாயைக் கொண்டாடுங்கள்.'
மெல்லச் சொன்னேன்,
எங்கட பக்கம் வாய் எண்டால்
சண்டைக்குத்தான் பேர் என்று.
போனில் ஒரு மௌனம்.
பிறகு, தெரிஞ்ச ஆளைக் கேட்டுச் சொல்லுறம் என்றார்கள்.
அந்த ஆள் கூகிள்.

'தேத்தண்ணிக்குத் துணை' எழுதினேன்.
தேயிலைக் கம்பனி கோபிக்குமாம்.
'ஒண்டோட நிக்காது.'
நிக்காது என்பது எதிர்மறையாம்.
ஆறாவதில் அவர்களுக்குப் பிடித்த சொல்
எட்டாவதில் அவர்களுக்கே பிடிக்கவில்லை.
பத்தாவதில் லோகோ
பிஸ்கற்றை விடப் பெருத்துவிட்டது.

இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டுக் கத்த
"சேவ் பண்ணிட்டன், சேவ் பண்ணிட்டன்" என்று
இருட்டுக்குச் சொன்னாள் மிதுர்ஷா.
தாயின் அழைப்பை மூன்றாம் தரம் வெட்டினாள்.
போன் வெளிச்சத்தில் கொத்துப் பார்சலைப் பிரிக்கையில்
கேட்டாள்:
"அக்கா, இந்த பிஸ்கற்றை நீங்கள் திண்டு பாத்தனீங்களோ?"
இல்லை.
அவளும் இல்லை.
மாதிரிப் பெட்டியை உடைத்தோம்.
நல்லாத்தான் இருந்தது.
அதுதான் கொஞ்சம் வெட்கமாய்ப் போயிற்று.

கீழ்க்கடை அமிர்தராசா ஆவணியில் ஒருநாள் வந்து
"வாசலை மறிச்சு மோட்டச்சைக்கிள் விடுறாங்கள் பிள்ளை,
ஒரு போர்ட் எழுதித் தாரும்" என்றார்.
கூட்டம் இல்லை, திருத்தம் இல்லை,
கூலி ஒரு சோடா.
பெட்டி மட்டையின் பின்பக்கத்தில்
மார்க்கரால் எழுதினேன்:
'இங்கே நிறுத்தலாம்.
பற்றரி எங்களுக்கு.'
வாசித்தார். இன்னொருக்கா வாசித்தார்.
சிரிக்கவில்லை. ஆணி எடுத்து அடித்தார்.

அண்டைக்குப் பிறகு அந்த வாசலில்
ஒரு துவிச்சக்கரவண்டி கூட நிற்கவில்லை.
முதலாளி கோபிகரனே
இரண்டு ஒழுங்கை தள்ளி வானை விட்டு
வேர்த்து ஒழுக நடந்து வந்து
படியேறி, மூச்சு வாங்கி,
"சனத்தின்ர மனசைத் தொடுற மாதிரி
ஒரு வரி ஏன் வருதில்லை" என்று
எங்களைக் கேட்கிறார்.

பதினோராவது இன்று காலை போனது.
மத்தியானத்துக்குள் பதில்:
வரி நல்லம். லோகோ நல்லம்.
பனையை மட்டும்
கொஞ்சம் பச்சையாக்க ஏலுமோ?

"எந்தப் பனையை எண்டு கேளுங்கோ அக்கா"
என்றாள் மிதுர்ஷா,
ஏழையும் தெரிவு செய்தபடி.