படங்கில் சுற்றிய கத்தி

கிளினிக் கொப்பியின் பின்னட்டையில்
டொக்டர் பெண் ஒரு சங்கிலி வரைந்தாள்.
இது முட்டை என்றாள்.
சிரித்துவிட்டேன்.
முட்டை உருண்டைதானே.

உள்ளே இப்படித்தான், முடிச்சு முடிச்சாய், என்று
அரைகுறைத் தமிழில் சொல்லிக்கொண்டே
அங்கங்கே குறுக்கே கிழித்தாள்.
திரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாதாம்.
இரண்டே முடிச்சுகள்தான் அதற்குப் பழக்கம்,
அவற்றைத் தாண்டியதும் ஒரு வெட்டு.
மற்றதெல்லாம் வேறு கத்திகளின் பாடு.

அது எனக்கு விளங்கியது.
கொழுந்துக்குப் போகிற விரலுக்கு
முற்றலில் என்ன வேலை.

விளங்காதது அடுத்தது.
சதையியில் பிறக்கிற கத்திக்கு
பிறந்த இடத்தில் கூர் இல்லையாம்.
முன்சிறுகுடலில் இறங்கிய பிறகுதான்
வேறொரு நொதியம் வந்து உறை கழற்றுமாம்.
முழங்காலைக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தவர்
அப்போதுதான் வாய் திறந்தார்:
"கவ்வாத்துக் கத்திய படங்குல சுத்திக்கிட்டு
மலைக்குப் போய்த்தானே பிரிப்போம்."

பதினேழு வருஷம் கவ்வாத்து வெட்டியவர்.
போன வருஷம், பொங்கல் முடிந்த வாரம்,
கசிப்பில் ஊறிய ஓரிரவு
கத்தி லயத்துக்குள்ளேயே பிரிந்துகொண்டது.
வெட்டுப்பட்டது பருப்பல்ல, நெத்தலியல்ல,
கத்தியைச் செய்த வீடே.
நோர்வூட்டிலிருந்து டிக்கோயாவுக்கு
கொழுந்து லொறியில் கொண்டுபோனோம்.
ஒவ்வொரு முடக்கிலும் கத்தினார்,
கோபத்தில் மட்டும் கூப்பிடுகிற முழுப்பெயரை,
அமிர்தநாயகி, அமிர்தநாயகி என்று.

இப்போது சோற்றோடு குளிசை.
முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று.
கக்கூசில் எண்ணெய் மிதப்பது நின்றது.
முட்டை அறுந்து அறுந்து
தான் முட்டை என்பதை மறந்து
அவர் தோளுக்கு ஏறுகிறது.
மாதம் ஒரு கிலோ.
மடுவத்துத் தராசென்றால்
ஈரத்துக்கென்று கழித்துவிடுகிற கிலோ.

மாசி. காமன் கம்பம் ஊன்றியாயிற்று.
அவர் விரதம். மச்சம் மாமிசம் இல்லை,
கடலையும் பருப்பும்தான்.
குளிசையைக்கூட
திருநீறு பூசிக்கொண்டுதான் விழுங்குகிறார்.

உள்ளிருப்பது
பன்றியின் சதையிப் பொடி என்று
அட்டன் பாமசிப் பையன்
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னான்.
குடல் வரைக்கும் கூடு திறக்காது,
பயப்படாதீங்க அக்கா, என்றும் சொன்னான்.

போத்தலைச் சுடுதண்ணியில் ஊறவைத்து
லேபலை உரித்தேன்.
பசை மட்டும் போகவில்லை.

"ஏன் பிசுபிசுங்குது இது?"
வேளைக்கு வேளை கேட்கிறார்.
தேன் பட்டிருக்கும் என்கிறேன்.