தவணை

உன்னிச்சைக் கட்டில் சப்பாத்து மாட்டும்போது
அஞ்சே முக்கால்.
மோட்டார்சைக்கிளை மதகடியில் பூட்டிவிட்டேன்.
குளம் இன்னும் நிறம் பிடிக்கவில்லை.
யானைவேலி மட்டும் விழித்திருந்து
டிக், டிக், டிக் என்கிறது,
என்னைவிட ஒழுங்காக.

முதல் நாலு கிலோமீற்றர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
புறப்பட்ட ஆசையே தள்ளிக்கொண்டு போகும்.
ஐந்தாவதில்தான் தனிமை தெரியும்.
கிரவல் உருள்கல்லாகி,
பாலை மரங்கள் இருபுறமும் நெருங்கி,
விலாவில் ஒரு கொக்கி விழும்.
கைதட்ட ஒருவருமில்லை.
நின்றாலும் கேட்க ஒருவருமில்லை.
இரண்டாவதுதான் பொல்லாதது.

ஆனால் காலோடு பேச எனக்குத் தெரியும்.
ஐந்து வருசமாக அதுதானே தொழில்:
நுண்கடன் கம்பனி, படுவான்கரைப் பிரிவு,
செவ்வாய் ஆயித்தியமலை, வியாழன் நெடியமடு.
முழுக்கடனையும் சொன்னால் ஆள் படுத்துவிடும்.
இந்த வாரத்தை மட்டும் கேட்க வேண்டும்.
கேட்டேன்.
"அந்த மருது மட்டும் தா.
மறுகா பாப்பம்."
மருது வந்தது, போனது.
"அந்த உடைஞ்ச பாலம். இதுதான் கடைசி."
கால் நம்பியது.
பாயில் வரிசையாக இருந்து
கையொப்பம் வைக்கிற பெண்களைப் போல
ஒவ்வொரு முறையும் நம்பியது.

எட்டில் யானை இலத்தி. ஆவி பறந்தது.
நின்று காது கொடுத்தேன்.
ஒரு மூச்சுச் சத்தம்; அதுவும் என்னுடையது.
அடுத்த அரைக் கிலோமீற்றரைக்
கால் கேட்காமலே தந்தது,
வட்டியோடு.

ஒன்பதில் ஆட்காட்டி கத்தியது.
வளைவுக்கு அங்கால்
தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண்.
என்னைக் கண்டாள்.
கட்டைப் போட்டாள்.
ஈச்சம்பற்றைக்குள் பூந்தாள்.

சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டி
மஞ்சளாக வெளியே கிடந்தது.
அந்தச் சேலையை எனக்குத் தெரியும்.
தவேந்திராணி. மூன்றாம் குழு.
நாற்பதினாயிரம், நாலு தவணை பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குள்,
கட்டைக் களிசானோடு, வேர்த்து ஊத்தி
அவளை நோக்கி ஓடி வருகிறேன்.
வேறென்ன நினைப்பாள்?

நின்றேன்.
இடையில் நின்றால் தொடை பூட்டிக்கொள்ளும்.
பூட்டிக்கொண்டது.
"நான் அதுக்கு வரல்ல அக்கா. சும்மா ஓடுறன்."
பற்றை யோசித்தது.
"சும்மாவா?"
"சும்மா."
"ஆரும் துரத்தாமலா?"
"ஆரும் இல்ல."
"விசரா மனே உனக்கு?"

வெளியே வந்தாள். முள்ளிலிருந்து சேலையை
நூல் அறாமல், ஆறுதலாக எடுத்தாள்.
கட்டின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.
தூக்கிவிடும்போது என் முழங்கை நடுங்கியது,
அவள் கழுத்து நடுங்கவில்லை.
"வியாழக்கிழமை வாறல்லயா?"
"வருவன்."
அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.
அவள் ஊர்ப்பக்கம் போனாள்,
நான் காட்டுப்பக்கம்.

பத்து. பதினொன்று.
"அந்த விளாமரம் மட்டும்" என்று தொடங்கினேன்.
வாய் வரவில்லை.
யாரிடம் பழகிய சொல் அது என்று
காலுக்கும் விளங்கிவிட்டது போல.
பேசாமல் ஓடினேன்.
வலித்தது; வலித்தது என்றே விட்டுவிட்டேன்.
பன்னிரண்டில் பாறை. அதைத் தொட்டுக் கிறுகினேன்.
தண்ணீர் இரண்டு மிடறு, ஒரு பேரீச்சம்பழம்,
கொட்டையை வெகுநேரம் வாயில் வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில், நேரான பாதையின் கடைசியில்
மஞ்சள் ஒரு புள்ளி.
இவ்வளவு நேரத்துக்குள் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள்.
ஓடினால் எட்டிப் பிடிக்கலாம்.
பின்னால் என் காலடி கேட்டால்
கட்டு மறுபடி விழும்.
வேகத்தைக் குறைத்தேன்.
நிற்கவும் ஒண்ணா; நின்றால் தொடை பூட்டும்.
ஆகவே முந்தாமல், நிற்காமல்,
அந்த மஞ்சள் பெருக்காதபடிக்கு,
சிறுக்காதபடிக்கு
ஓடிக்கொண்டிருந்தேன்,
கொக்கியையும் மறந்து, கணக்கையும் மறந்து.
எங்கே கிளைப்பாதையில் இறங்கினாளோ தெரியாது.

டிக், டிக் என்று வேலி கேட்டது.
குளம் வெள்ளையாகக் கிடந்தது.
சைக்கிள் பெட்டிக்குள் பற்றுச்சீட்டுப் புத்தகம்.
அதை நகர்த்திவிட்டுத் துவாயை எடுத்தேன்.