2:14 முதல் 2:51 வரை

செங்கோட்டையில் உரக்கடைக்கு மேலே மாடி.
பதினோரு நாற்காலி, பத்து ஹெட்போன்.
என் காதுக்குள் அபர்டீன்.
டாக்டர் கில்க்ரிஸ்ட் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்:
முட்டி, கண்புரை, கிழவர்களின் மூச்சு.

சேர்ந்த புதிதில் பத்மஜா மேடம்
கோயம்புத்தூரிலிருந்து வந்து
ர-வை விழுங்கச் சொல்லிக்கொடுத்தார்.
கார் என்பது கா.
ஹார்ட் என்பது ஹாட்.
பத்து நாள் விழுங்கினோம்,
ஆய்க்குடி சொரிமுத்துவுக்கு விக்கலே வந்தது.

பதினோராம் நாள் டாக்டரின் குரல் வந்தது.
மனிதர் ஒரு ர-வைக்கூட விடவில்லை.
ஆர்ட்டரி, பர்த், வேர்ல்ட்,
ஒவ்வொன்றும்
புளியரை மேட்டில் பாரலாரி கியர் மாற்றுவதுபோல.

ஏரிக்கு அவர் ஊரில் ஒரு சொல்.
லண்டன்காரர்கள் லாக் என்று முடித்துவிடுவார்களாம்.
இவருக்கு முடிகிற இடத்தில்
தொண்டையில் காற்று உரசும்.
எஃகு, எஃகு என்று சொல்லிப் பார்த்தேன்.
அதே காற்று.
ஆறாம் வகுப்போடு நான் விட்டுவந்த மூன்று புள்ளி
அங்கே தண்ணீரில் கிடக்கிறது.

ஸ்டே என்றால் லாட்ஜில், வீட்டில் என்றால் லிவ்
என்று மேடம் என்னைத் திருத்தியிருந்தார்.
டாக்டர் சொல்கிறார்:
திருமதி மெக்கிபன், வயது எண்பத்து நாலு,
பிறந்ததிலிருந்து டோரியில் ஸ்டே.
எல்லாருக்கும் லாட்ஜ்தான் போலிருக்கிறது.

அந்தம்மாள் மெசேஜஸ் வாங்கப் போகும்போது
உறைபனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது.
போனைப் பார்த்துக்கொண்டே நடந்ததாகத் தட்டிவிட்டேன்.
திரும்பி வந்தது தாள்:
மெசேஜஸ் என்றால் கடைச்சாமான்.
அன்றிலிருந்து ஒயர்கூடையோடு மார்க்கெட் போகிறேன்.
செய்தி அரைக் கிலோ,
கொசுறாகக் கறிவேப்பிலை.

ஒருநாள் அவுட்வித் என்றார்.
கம்ப்யூட்டர் அடியில் சிவப்புக் கோடு போட்டது,
அப்படி ஒரு சொல்லே கிடையாதென்று.
தேடினேன். எல்லைக்கு வெளியே என்று பொருள்.
பிரித்துப் பார்த்தால்
வெளியே, ஆனால் உடன்.

ஊர் வளைவின் நெற்றியில்
திருவிதாங்கூர்ச் சங்கு இன்னும் இருக்கிறது.
ஐம்பத்தாறில் கோட்டைத் தூக்கி
மேற்கே வைத்தார்கள்.
நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.
திருநெல்வேலிக் கல்லூரியில் நான் மலையாளத்தாள்,
புனலூர் ஆஸ்பத்திரியில் பாண்டிக்காரி.
மவுஸை அழுத்தி
அவுட்வித்தை அகராதியில் சேர்த்தேன்.
சிவப்பு போயிற்று.

நேற்று அவர் ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டார்.
கதவு திறக்கிறது. நாற்காலி இழுபடுகிறது.
ஃபிட் லைக், என்கிறது ஒரு கிழட்டுக் குரல்.
டாக்டர் பதில் சொன்னார்.
இரண்டு வருடமாக நான் கேட்டதெல்லாம்
அவருடைய பேச்சு என்றிருந்தேன்.
அது எங்களுக்காக இஸ்திரி போட்டது,
மேடத்திடம் நான் பேசும் தமிழைப்போல.
இப்போது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தார் மனிதர்.
ஒரு சொல் பிடிபடவில்லை எனக்கு.
ர உருண்டது. காற்று உரசியது.
எதற்கோ இரண்டு பேரும் சிரித்தார்கள்.
அப்புறம் யாரோ செத்துப்போயிருக்க வேண்டும்,
குரல் அப்படி இறங்கியது.
பிறகு சட்டென்று
பிளட் பிரஷர், நூற்று நாற்பது, தொண்ணூறு.

விளங்காத இடத்தில் கோடு போட்டு
நேரம் குறித்து
இன்ஆடிபிள் என்று தட்ட வேண்டும்.
செவிக்கு எட்டவில்லை என்று பொருள்.
எட்டியது.
இந்த வேலைக்கு வந்தபிறகு
இவ்வளவு தெளிவாக எதுவும் எட்டியதில்லை.
கோடு போட்டேன், நேரம் போட்டேன்,
அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டவில்லை.
கூலியில் பிடிப்பார்கள்.

பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கினால் சாரல்.
இதே நசநசப்பை அங்கே ட்ரீஃக் என்று திட்டுவார்கள்.
நாங்கள் இதற்குத்தான் ஆனி மாதம் காத்திருக்கிறோம்.
சொரிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.
ஃபிட் லைக், என்றேன்.
யோசிக்கவே இல்லை அவன்.
கொள்ளாம், என்றான்.